எலிக்கு எது வலது காது?

சென்ற மாதம் பழைய இடத்திலிருந்து ஒரு போன் வந்தது. நான் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தின் எலி அறையில் இப்போது இருக்கும் முருகேசன்தான் பேசினான். இனிமேல் எலிக்குக் காது வெட்ட வேண்டாமாம், தோலுக்கு அடியில் சிப் வைத்துவிடுகிறார்களாம், கருவியைக் காட்டினால் எண் தெரிந்துவிடுகிறதாம். நல்லதுதானப்பா என்றேன். போனை வைப்பதற்கு முன் அவன் இன்னொன்றும் கேட்டான்.

"அண்ணே, இங்க ஒரு தடவ எலி மாறிப்போயி பெரிய பிரச்சினை ஆச்சாமே. மாத்தி வச்சது யாருண்ணே?"

என்னிடமே கேட்கிறான். பெயர் இல்லாமல் கதை மட்டும் அந்தக் கட்டடத்தில் இன்னும் உலவுகிறது போலிருக்கிறது. அவனிடம் அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன்.

உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரிக் காடும் நாலு மாடும் உள்ள வீட்டில் பிறந்தவன் நான். பெயர் மாயாண்டி. எங்கள் ஊரில் எலி என்றால் பொறி வைப்பார்கள். நானோ எலிக்கு ஏசி போட்டு, சுத்தப்படுத்திய தண்ணீர் கொடுத்து, பேறுகாலம் பார்த்து வாழ்ந்தவன். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். என் மாமா, "மருந்து கண்டுபிடிக்கிற எடத்துல" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிக்க ஆரம்பித்துவிட்டார். என் மனைவிக்கு விவரம் தெரிந்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

முதல் இரண்டு வருடம் கூண்டு கழுவினேன். மூன்றாம் வருடம் எலியைப் பிடிக்க விட்டார்கள், ஏழெட்டுக் கடி வாங்கினேன், கை பழகிவிட்டது. பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றுமில்லாதது போலத் தெரியும். வெளிச்செருப்பைக் கழற்றி, முழங்கை வரை கையைக் கழுவி, உள்ளே வேறு சட்டை, வேறு செருப்பு, முகமூடி, தலைக்குத் தொப்பி. கூண்டில் பரப்புகிற நெல் உமியை நீராவியில் வேகவைத்து ஆறவிட வேண்டும். கூண்டு மாற்றும்போது பழைய கூட்டுப் பஞ்சில் ஒரு பிடி எடுத்துப் புதுக் கூண்டில் போட வேண்டும். தன் வாசனை இல்லாத இடத்தில் விட்டால் ஆண் எலிகள் ஒன்றையொன்று குதறிவிடும். வாசனை என்பதால் தலையில் பூ வைத்துக்கொண்டு யாரும் உள்ளே வரக்கூடாது. மதுரையில் இந்த விதியை அமல்படுத்திக் காட்டியவன் என்பதற்கே எனக்கு ஒரு பரிசு கொடுத்திருக்கலாம்.

மூன்று வாரத்தில் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்போம். அன்று காது வெட்டு. சின்ன இடுக்கியால் காது ஓரத்தில் ஒரு கொத்து. வலது காதில் ஒரு வெட்டு என்றால் ஒன்று, இரண்டு வெட்டு என்றால் இரண்டு. இடது காதில் ஒரு வெட்டு என்றால் பத்து, இரண்டு என்றால் இருபது. இடதில் ஒன்று, வலதில் இரண்டு இருந்தால் அந்த எலி பன்னிரண்டு. கொத்தி எடுத்த துளித் தோல் ஒரு சின்னக் குப்பிக்குள் போகும். அதை வைத்துத்தான் அந்த எலிக்கு எந்த ஜீன் இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்பார்கள். அந்த எலியின் ஆயுள் முழுக்க அந்தக் காதுதான் அதன் முகவரி.

எங்கள் லேபின் தலைவர் ரஹீமா மேடம். கோரிப்பாளையத்துக்காரர். அவருடைய அத்தா கடிகாரம் பழுது பார்த்தவர். அந்தக் கையும் கண்ணும் மகளுக்கு வந்திருந்தன. யார் வந்து எதைச் சொன்னாலும் எழுந்து நின்றுதான் கேட்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவு நேரம் எதிரே நிற்பவருக்கு வியர்த்துவிடும்.

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் பதிவேட்டில் "அனைத்தும் நலம்" என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. அறைக்குள் வந்து ஒரு கூண்டைத் திறந்து, உமியை விரலால் விலக்கினார். அடியில் ஒரு குட்டி செத்துக் கிடந்தது.

"அண்ணே, நீங்க பாத்ததை எழுதுனீங்களா, நெனச்சதை எழுதுனீங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் அதற்குப் பிறகு நூறு தடவையாவது கேட்டிருப்பேன், என்னிடமும் பிறரிடமும். பெரிய பெரிய விஞ்ஞானிகள் வந்து கூட்டத்தில் பேசும்போதும் மேடம் அதையேதான் கேட்பார். எனக்கு ஒரு கேள்வி, அவர்களுக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஒன்றுக்காகவே நான் வேறு துறைக்கு மாறுதல் வந்தபோதும் போகவில்லை.

நான் ஓய்வுபெற நான்கு வருடம் இருக்கும்போது செல்வி ஆராய்ச்சிக்கு வந்தாள். கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். பேச்சு குறைவு, வேலை அதிகம். எலியை வாலைப் பிடித்துத் தூக்கப் பயப்படுவாள், ஆனால் அதைச் சொல்லமாட்டாள். அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை இதுதான். தசைக்குள் ஒரு புரதம் இருக்கிறது. தசை இழுபடும்போது கிழிந்துபோகாமல் தாங்கிப் பிடிப்பது அதன் வேலை. அந்தப் புரதத்தைச் செய்யும் ஜீனை எடுத்துவிட்ட எலிகள் வெளியிடத்திலிருந்து எங்களுக்கு வந்தன. புரதம் இல்லாவிட்டால் தசை நைந்துபோக வேண்டும், எலி தளர வேண்டும். எப்படி, எத்தனை நாளில் என்று அவள் எழுதினால் பட்டம்.

எலிகள் தளரவில்லை.

எலியைக் கம்பி வலையில் விட்டு வலையைத் தலைகீழாகத் திருப்புவோம். எவ்வளவு நேரம் தொங்குகிறது என்று பார்ப்போம். கீழே விழுந்தால் அடிபடாமல் இருக்கப் பஞ்சு பரப்பியிருக்கும். ஜீன் இல்லாத எலிகள், இருக்கிற எலிகளைப் போலவே தொங்கின. ஒன்றிரண்டு நம்மைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு தொங்கின. செல்வி இரண்டு வருடம் தொங்கவிட்டுத் தொங்கவிட்டுப் பார்த்தாள். சரி, தசையையே சோதிப்போம் என்று, சில எலிகளை விதிப்படி நோகாமல் முடித்துத் தசையை எடுத்தார்கள். அந்த வேலை நடக்கும் நாட்களில் எனக்குச் சோறு இறங்காது, கடைசி வரை பழகவே இல்லை. அந்தப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற பொருளை ஊற்றிப் பார்ப்பார்கள். புரதம் இருந்தால் படத்தில் கறுப்புக் கோடு விழும். ஜீன் இல்லாத எலிகளிலும் கோடு விழுந்தது. சிலவற்றில் மெலிசாக, சிலவற்றில் தடிமனாக, ஒரு ஒழுங்கே இல்லாமல் விழுந்தது.

செல்வியின் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் கமிட்டி கூடியது. வெளியூரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் படங்களைப் புரட்டிவிட்டு, இது விஞ்ஞானப் பிரச்சினையே இல்லை, எலி அறையில் யாரோ கூண்டை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்றார். எலி அறையில் யாரோ என்றால் நான்தான். அங்கே வேறு ஆள் கிடையாது. காப்பி டம்ளர் எடுக்கப் போன பையன் மூலம் கூட்டம் முடிவதற்குள் எனக்குச் செய்தி வந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காப்பியை நானே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன். மேடம் முகத்துக்காக அடங்கினேன்.

மேடம் என்னைச் சந்தேகப்படவும் இல்லை, நம்புகிறேன் என்று சொல்லவும் இல்லை. மறுநாள் காலை எலி அறைக்கு வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். என்னையும் செல்வியையும் தனித்தனி மேசையில் நிறுத்தினார். நாற்பது எலிகள். முதலில் நான் காதைப் பார்த்து எண்ணை ஒரு தாளில் எழுத வேண்டும், பிறகு அதே எலியைச் செல்வி பார்த்து அவள் தாளில் எழுத வேண்டும். பதிவேடு மேடம் மடியில் மூடிக் கிடந்தது.

முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பதினொன்று, இருபத்திரண்டு என்ற எண்கள் இரண்டு தாளிலும் ஒத்துப்போயின. நான் பன்னிரண்டு என்று எழுதிய எலி அவள் தாளில் இருபத்தொன்று. என் மூன்று அவளுக்கு முப்பது. மேடம் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் ஒரே எலியை, வழக்கமாக எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்த்துக் காட்டச் சொன்னார்.

நான் எலியை வாலைப் பிடித்துக் கூண்டு மூடியில் விட்டேன். அது கம்பியைப் பற்றிக்கொண்டு என்னை விட்டு விலகி முன்னால் இழுத்தது. நான் அதன் பின்னால் நின்று காதைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஏர் மாட்டை வலத்தை, இடத்தை என்பார்கள். மாடு முன்னே போகும், ஆள் பின்னே நடப்பான். மாட்டுக்கு வலது எதுவோ அதுதான் ஆளுக்கும் வலது. செல்வி எலியைப் பிடிக்கப் பயந்து, அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு, குனிந்து அதன் முகத்துக்கு முகம் பார்த்தாள். அவளுடைய வலது கைப் பக்கம் இருந்தது எலியின் இடது காது. இப்படித்தான் ஜீன் உள்ள எலிகளும் இல்லாத எலிகளும் அவள் கணக்கில் கலந்துபோயிருந்தன.

அவளுக்குக் காது படிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். வலது ஒன்று, இடது பத்து என்று சொன்னேன். எந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. மாட்டுக்கு முன்னால் நின்று ஏர் ஓட்டியவனை நான் பார்த்ததில்லை, அதனால் அப்படி ஒருவர் பார்க்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அன்று இந்த ஞானம் எனக்கு இல்லை. என் மேல் தப்பில்லை என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

செல்வி முகத்தில் ரத்தம் இல்லை. மேடம் அவளை வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். பிறகு என்னிடம் பேசினார்.

"அண்ணே, அந்தப் புள்ளைக்கு ஆராய்ச்சிய முடிக்க ஒரு வருசம் நீட்டிப்புக் கேட்டிருக்கேன். அடுத்த வாரம் முடிவு பண்றாங்க. இது அவ செஞ்ச தப்புன்னு எழுதுனா நீட்டிப்பு கெடைக்காது. எங்க லேப்ல நடந்த தப்பு, பொறுப்பு என்னோடதுன்னு எழுதப்போறேன். பேரு போட மாட்டேன். ஆனா பேரு இல்லேன்னா ஊரு உங்களத்தான் சொல்லும். நீங்க சரின்னாத்தான் செய்வேன். வேணாம்னா அவ பேரை இன்னைக்கே எழுதிடுறேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். மேடம் கண்ணாடி கழுத்தில் தொங்க, எழுந்து நின்று என் பதிலுக்காகக் காத்திருந்தார். ஒரு பேராசிரியர் என்னைப் போன்ற ஒருவனிடம் அனுமதி கேட்டு நிற்பதைப் பார்த்ததும் வாயில் வேறு வார்த்தை வந்துவிட்டது.

"இருக்கட்டும் மேடம்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, பெருந்தன்மை எல்லாம் ஒன்றும் இல்லை. கேண்டீனில் நான் போனால் பேச்சு நிற்கும். பக்கத்து லேப் மாணவன் ஒருவன் தன் எலிக் கூண்டில் பூட்டு மாட்டிவிட்டுப் போனான். செல்வியிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவள் சில நாள் என் வாசலில் வந்து நிற்பாள், ஏதோ சொல்ல வாயெடுப்பாள், கையுறை வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போய்விடுவாள். எனக்கு ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. முப்பது வருடப் பேரை இப்படி ஒரு அழுக்கோடு கொண்டுபோய் வீட்டில் வைக்கப்போகிறோமே என்று நினைத்து நினைத்து மனம் கசந்தது.

வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இம்முறை காதுகளைப் பின்னால் நின்று படித்தோம். தோல் சோதனை, தொங்கல், தசை எல்லாம் திரும்ப. தப்பைக் கண்டுபிடித்துவிட்டோம், இனி எலிகள் தளர்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். தளரவில்லை. படத்தில் கோடும் போகவில்லை. ஒரே ஒரு மாற்றம், ஜீன் இல்லாத எலிகள் எல்லாவற்றிலும் கோடு இப்போது ஒரே மாதிரி விழுந்தது. செல்வி உடைந்துபோனாள். மேடம் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். குழப்பம் குழப்பமாக இருந்தால்தான் பயம், ஒழுங்காக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்றார்.

அந்தக் காரணத்தை என்னையும் உட்கார வைத்துச் சொன்னார். எங்களுக்குச் சொல்லாமல் அவர் எந்த வேலையும் வாங்கியதில்லை. காணாமல்போன புரதத்தைப் போலவே உடம்பில் இன்னொன்று இருக்கிறது. ஆதியில் இரண்டுக்கும் ஒரே ஜீன், அது இரண்டாகப் பிரிந்து இரண்டும் தனித்தனியாக வந்தவை. உருவம் ஏறக்குறைய ஒன்று. நம் ஆன்டிபாடி ஆள் தெரியாமல் அதில் போய் ஒட்டியிருக்கலாம் என்றார். இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று யோசித்தார்.

"பங்காளின்னு சொல்லுங்க மேடம். ஒரே தாத்தா வழி. வரப்புக்குச் சண்ட போட்டுக்குவாங்ய. ஆனா ஒரு வீட்டுல ஆளில்லேன்னா அந்த வேலைக்குப் பங்காளிதான் வந்து நிக்கணும்" என்றேன்.

மேடம் சிரித்தார். "பங்காளி நிக்கிறது சரிண்ணே. முழு வேலையும் பாப்பாரா, பாதி வேலை பாப்பாரா? அதத்தான் நாம பாக்கணும்" என்றார். அன்று முதல் லேபில் அந்தப் புரதத்துக்குப் பங்காளி என்றே பெயர். கரும்பலகையிலும் அப்படியே எழுதினார்கள்.

இரண்டு புரதமும் எந்த இடத்தில் வேறுபடுகின்றனவோ அந்த இடத்தில் மட்டும் ஒட்டும் புது ஆன்டிபாடிகளை வரவழைத்தார். படம் வந்த அன்று என்னையும் கூப்பிட்டார். காணாமல்போனது உண்மையிலேயே இல்லை, அந்த இடம் வெள்ளையாக இருந்தது. பங்காளியின் கோடு மற்ற எலிகளில் நூல் போல, ஜீன் இல்லாத எலிகளில் கயிறு போல. இல்லாதவனுடைய வேலைக்காக அது தன்னைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. யாரும் அதற்குச் சொல்லவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. என் கையில் தீனி தின்று வளர்ந்த உடம்புக்குள் இப்படி ஒரு ஏற்பாடு நடந்திருக்கிறது, நான் வாரம் இரண்டு தடவை கூண்டு மட்டும் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாதியா முழுசா என்ற கேள்விக்கு என்னிடமும் ஒரு துளி பதில் இருந்தது. எலிக்குத் தீனி மேலே கம்பி மூடியில் இருக்கும், பின்னங்காலில் எழுந்து நின்று கடித்துத் தின்ன வேண்டும். ஜீன் இல்லாதவற்றில் வயதானவை கொஞ்சம் தின்றுவிட்டு இறங்கி உட்கார்ந்துவிடும், மறுபடி எழும்பும். அதைப் பதிவேட்டில் எழுதி வந்திருந்தேன். மேடம் படித்துவிட்டு, இது பார்த்ததுதானே என்று கேட்டார். பார்த்தது என்றேன். செல்வி அதன் பேரில் தனியாக ஒரு சோதனை செய்து, வயதான காலத்தில் பங்காளியால் முழுச் சுமையும் தாங்க முடியவில்லை என்று காட்டினாள்.

கடைசியாகச் செய்ததுதான் கடினமானது. இரண்டு ஜீனும் இல்லாத எலிகளை இனக்கலப்பு செய்து எடுத்தோம். கொஞ்சம்தான் பிறந்தன. பிறந்தவை சின்னதாக, முதுகு வளைந்து இருந்தன. அவற்றுக்குத் தீனியை ஊறவைத்துக் கூண்டின் தரையில் வைத்தேன். தொங்கல் சோதனையில் வலையைத் திருப்பியதும் பஞ்சில் விழுந்தன. ஒன்று விழுந்த இடத்திலேயே கிடந்தது. செல்வி நேரத்தைக் குறித்துவிட்டு அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். வாலைப் பிடிக்கவே பயந்த பெண். இத்தனை நாள் அந்த எலிகளைத் தாங்கி நின்றது பங்காளிதான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எங்களுக்கு அது வெற்றி, ஆனால் அந்த அறையில் யாருக்கும் சந்தோஷப்படத் தெரியவில்லை.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வான வைவா என் ஓய்வு மாதத்தில் வந்தது. பொது வைவா, யாரும் வரலாம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அந்த வெளியூர் நிபுணர் முன்வரிசையில் இருந்தார். செல்வி ஒரு மணி நேரம் பேசினாள். நன்றாகப் பேசினாள். நிபுணர் எழுந்து, முடிவுகள் பிரமாதம், ஆனால் இந்த எலி அறையில் முன்பு கூண்டுகள் மாறியதே, அதே ஆள்தான் இப்போதும் இருக்கிறார், இந்த எண்களை நான் எப்படி நம்புவது என்று கேட்டார். சபையில் நாலைந்து பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

மேடம் எழப்போனார். அதற்குள் செல்வி மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"கூண்டு மாறல சார். காதைத் தப்பாப் படிச்சது நான். அவரு வெட்டுன காது ஒண்ணுகூடத் தப்பில்ல. அப்பவே சொல்லிருக்கணும், தைரியம் இல்ல. மூணாவது அத்தியாயத்துல எழுதிருக்கேன்."

நிபுணர் ஆய்வேட்டைப் புரட்டினார். பக்கம் இருந்தது. என்ன நடந்தது, எந்தெந்த எலிகள், யார் படித்தது என்று தன் பெயரைப் போட்டு எழுதியிருந்தாள். அச்சடித்துக் கமிட்டிக்குக் கொடுத்துப் பல வாரம் ஆகியிருந்தது. யாரும் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. மேடத்துக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, அவர் கையெழுத்துப் போட்டுத்தானே போயிருக்கும்.

ஒன்றரை வருடம் நான் எதிர்பார்த்திருந்த நிமிடம் அது. என் பெயர் சுத்தமாகிவிட்டது. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் தனியாக நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பார்க்கும்போது, பெட்டிக்குள் குனிந்து குனிந்து பார்த்த அவள் முகம் நினைவுக்கு வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மாதிரி அரங்கத்தில் நான் அதுவரை வாய் திறந்ததே கிடையாது. எழுந்துவிட்டேன்.

"அய்யா, எந்தப் பக்கம் நின்னு பாக்கணும்னு அந்தப் புள்ளைக்கு நான் சொல்லித் தரல. அதையும் எழுதிக்கங்க" என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கோபத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். நிபுணர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செல்வியிடம் திரும்பி, இதை எழுதத் துணிந்தவர் எழுதிய மற்ற எண்களையும் நான் நம்புகிறேன் என்றார். அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். முழு ஆய்வேட்டில் அவர் கேட்ட திருத்தம் அது ஒன்றுதான்.

செல்வி சேர்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். எண்ணைப் படிப்பவர் விலங்கின் பின்னால் நிற்க வேண்டும், இது பயிற்சியில் சொல்லப்படவில்லை, பயிற்சி அளித்தவர் மாயாண்டி. முப்பத்து மூன்று வருடத்தில் என் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு இடத்தில்தான், அதுவும் ஒரு தப்போடு. முருகேசா, அந்த ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது, போய் எடுத்துப் படி.